இசைப் பட்டப்படிப்பும் இன்றைய இசைக்காரர்களும்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கத்தில் பிள்ளையை இசைக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள், ஏற்கெனவே சேர்ந்துவிட்டுக் குழம்பி நிற்கும் மாணவர்கள், சில ஆசிரியர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்டவை இவை. அவரவர் வாய்மொழியிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். நான் நடுநிலையாளன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டத்தில் வர்ணமும் கீர்த்தனையும் பழசாகவில்லை, மூன்று மணி நேரத் தேர்வும் அதற்காகவே ஓட்டப்படும் வகுப்பும்தான் பழசாகிவிட்டன என்பது என் கட்சி.

மியூசிக் காலேஜ்ல பாட்டுதானே சொல்லித் தர்றாங்க? அதுல நவீனமாக்க என்ன இருக்கு?

படித்து முடித்தவர் என்ன வேலை செய்கிறார் என்று பாருங்கள். விடியற்காலையில் வெளிநாட்டுப் பிள்ளைக்கு ஜூமில் வகுப்பு. சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை. முகூர்த்த நாளில் கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழு. இடையில் யாரோ எடுக்கும் குறும்படத்துக்குப் பின்னணி இசை. இத்தனைக்கும் நடுவே எப்போதாவது ஒரு கச்சேரி. பாடத்திட்டமோ அந்தக் கச்சேரி ஒன்றை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது.

ஒலிப்பதிவு, ஒரு மெட்டுக்கு மற்ற வாத்தியங்களைச் சேர்த்து எழுதுவது, வேறு மரபுக்காரரோடு உட்கார்ந்து வாசிப்பது, சொல்லிக்கொடுக்கும் முறை, உரிமைச் சட்டம், வரவு செலவு ஆகியவை பாடத்துக்குள் வரவேண்டும். இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். மனப்பாடப் பட்டியலைச் சுருக்கினால் நேரம் கிடைக்கும். பரீட்சைக்காக நாற்பது உருப்படியை மேலோட்டமாக ஒப்பிப்பதைவிடப் பதினைந்தை நிரவல், கற்பனைச் சுரத்தோடு, அதாவது வரியையும் சுரத்தையும் சொந்தக் கற்பனையில் விரித்து, பாடத் தெரிவது மேல்.

நம்ம ஊர்ப் பக்கம் எங்க படிக்கலாம்? மெட்ராஸ் போய்த்தான் ஆகணுமா?

அவசியமில்லை. சிவகங்கையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் போன்றவற்றில் மூன்று வருசச் சான்றிதழ்ப் படிப்பு. அது பட்டம் ஆகாது, ஆனால் அடித்தளத்துக்கு நல்லது. பட்டத்துக்கு மதுரை, திருவையாறு, கோவை, சென்னை அரசு இசைக் கல்லூரிகள் உண்டு. இசைக்கும் கவின்கலைக்கும் என்றே 2013இல் தமிழக அரசு சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியது. ஒலிப்பதிவு, மேற்கத்திய இசை இரண்டையும் சேர்த்துப் படிக்க விரும்புகிறவர்கள் ஏ.ஆர்.ரஹ்மான் 2008இல் தொடங்கிய கேஎம் இசைப்பள்ளி போன்ற தனியார் இடங்களைப் பார்க்கிறார்கள். அங்கே கட்டணம் வேறு தரம், விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தொடங்கியது. பல்கலைக்கழகமாக உருவெடுத்த 1929இலேயே அங்கே இசைக்கும் கல்லூரி வந்துவிட்டது. டைகர் வரதாச்சாரியார், பிற்காலத்தில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் பாடம் நடத்திய இடம். ஆகவே ‘பல்கலைக்கழகத்தில் சங்கீதமா?’ என்ற ஆச்சரியம் நம் பக்கத்துக்காரர்களுக்கு இருக்கவே கூடாது.

எந்த இடமானாலும் சேர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். முதன்மைப் பாட வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்? ஒலிப்பதிவு அறை உண்டா, அதன் சாவி மாணவர் கைக்கு வருமா? கடைசி வருசப் பிள்ளைகள் போன மாதம் எங்கே வாசித்தார்கள்? மூன்றாவது கேள்விக்கு முகம் மலர்ந்து பதில் சொல்லும் கல்லூரி நல்ல கல்லூரி.

பல்கலைக்கழகம்னு வந்த பெறகுதானே சங்கீதம் கெட்டுப்போச்சு? குருகுலம்தானே சரி?

குருகுலத்தில் இருந்தது இரண்டு விஷயம்: நேரம், காது. சீடன் வீட்டோடு இருந்தான். குரு தனக்காக வாசிப்பதையும் கேட்டான், தப்புவதையும் கேட்டான், தப்பிய இடத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்வதையும் கேட்டான். இன்றைய வகுப்பு ஐம்பது நிமிடம், பதினைந்து பிள்ளைகள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு மூன்று நிமிடம் சொச்சம். எந்தக் குரு வந்தாலும் மூன்று நிமிடத்தில் தோடி ராகம் வராது.

ஆனாலும் பழைய பெரியவர்கள் நிறுவனத்தைத் தீண்டத்தகாததாக நினைக்கவில்லை. காரைக்குடி வீணை என்றாலே சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்கள்தான். அண்ணன் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர். தம்பி சாம்பசிவ ஐயர் முதுமையில் கலாக்ஷேத்ராவில் பாடம் நடத்தினார். அதே குடும்பத்தில் வந்த காரைக்குடி எஸ்.சுப்பிரமணியன் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, சென்னையில் பிருஹத்வனி என்ற அமைப்பைத் தொடங்கி, இசை கற்பிக்கவே ஒரு முறையை வகுத்தார். பரம்பரைக்குள் இருந்தவர்களே ‘எப்படிச் சொல்லிக்கொடுப்பது’ என்று யோசித்திருக்கிறார்கள். வெளியில் நிற்கும் நாம்தான் குருகுலமா கல்லூரியா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம்.

நடைமுறை வழி ஒன்று உண்டு. கூட்டு வகுப்பில் நடத்தக்கூடியதை, அதாவது சரித்திரம், இலக்கணம், கேட்டல் பயிற்சி, தாளம் எல்லாவற்றையும் கூட்டாக நடத்திவிட்டு, முதன்மைப் பாடத்தை வாரம் ஒரு முறையாவது ஒருவர் அல்லது இருவராக உட்காரவைப்பது. ஆசிரியர் வாசிப்பதைப் பதிவுசெய்து வீட்டில் கேட்க அனுமதிப்பது. சில ஆசிரியர்கள் செல்போனைப் பார்த்தாலே முறைக்கிறார்கள். அந்தச் செல்போன்தான் சீடனின் காதைக் குருவின் வீட்டுத் திண்ணையில் வைக்கிறது.

கீபோர்டு நல்லா வாசிக்கிறான், கம்ப்யூட்டர்ல பாட்டும் போடுறான். அவனுக்கு ராகம் கமகம்னு எதுக்கு இழுக்கணும்?

கீபோர்டில் கிடைக்காத இடங்களில்தான் பாதி ராகம் இருக்கிறது. தம்பூராவை மீட்டிக் காதைக் கொடுத்தால் மந்தரத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம், அதாவது இரண்டு ‘க’வில் மேலே உள்ளது, தானாக எழும். கீபோர்டின் அந்தர காந்தாரம் அதைவிட ஏறக்குறைய 14 சென்ட் கூடுதல். அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். சின்ன வித்தியாசம்தான், ஆனால் தம்பூராவோடு சேர்த்து நீட்டிப் பிடித்தால் உறுத்தும்.

கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடுவதற்கு, வந்தால் வித்தியாசம் இன்னும் பெரிசு. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, மேலே மத்தியமத்தைத் தொட்டுக் கீழே ரிஷபத்தின் பக்கம் இறங்கி ஊசலாடும். கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடி முறையில் ஒரு சுரத்தை வளைக்கப் பிட்ச் பெண்ட் என்ற சக்கரம் உண்டு. வழக்கமாக அதை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரத்துக்கு வைத்திருப்பார்கள். சாதாரண காந்தாரத்திலிருந்து மேலே இரண்டு அரைச்சுரம் போனால் சுத்த மத்தியமம், கீழே இரண்டு வந்தால் சுத்த ரிஷபம். தோடிக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல! ஆனாலும் சக்கரத்தை ஏனோதானோவென்று ஆட்டினால் தோடி வராது. எந்த வேகத்தில் ஏறி, எங்கே ஒரு கணம் தங்கி, எப்படி இறங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைப் பாடித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சி இது. தோடி காந்தாரத்தைப் பாடிப் பதிவுசெய்து, சோனிக் விஷுவலைசர் போன்ற இலவச மென்பொருளில் சுருதி ஏறி இறங்குவதைக் காட்டும் சுருதிக்கோட்டைப் பார். அப்புறம் ஒரு பெரிய வித்வான் பாடியதன் கோட்டைப் பார். பிறகு உன் கீபோர்டில் அதே கோடு வரும்வரை சக்கரத்தைப் பழகு. கம்ப்யூட்டர்காரப் பையனுக்குக் கமகத்தின் மேல் மரியாதை வருவதற்கு இதைவிடக் குறுக்குவழி தெரியவில்லை. பாட்டுக்காரப் பெண்ணுக்கு மென்பொருள் பயம் விலகுவதும் இதே பயிற்சியில்தான்.

ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கணுமா? நமக்கு சரிகமபதநி போதாதா?

மனத்தில் நிறுத்திக்கொள்ளச் சரிகம போதும். இன்னொருவர் கையில் காகிதத்தைக் கொடுத்து உடனே வாசிக்கச் சொல்லும் வேலைக்குப் போதாது. சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் வயலின் வரிசையில் உட்காருகிறவர்களுக்கு முன்னால் ஐந்து கோட்டுத் தாள்தான் வைக்கப்படும். இரண்டு பருவம் படித்தால் வேலைக்குப் போதுமான அளவு வந்துவிடும்.

கூடவே நம் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கையும் சேர்த்துப் பழகவேண்டும். ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். ‘அண்ணே, எந்த ஸ்கேல்?’ என்று கிடார்காரர் கேட்கும்போது நம் பிள்ளை விழிக்கக் கூடாது. எழுதுவது நம் மரபுக்கு அந்நியம் என்பவர்களுக்கு ஒன்று: எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் அச்சிட்ட தொகுப்பில் கமகத்துக்கென்றே தனித்தனிக் குறிகள் இருக்கின்றன.

எம்பையன் டிரம்ஸ்காரன். அவனுக்கும் சொல்கட்டு தெரியணும்ங்கிறீங்களே, ஏன்?

வெளிநாட்டுக்காரர்கள் அதைத் தேடி வந்து எடுத்துப்போய்ப் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்பதற்காகவாவது. திருச்சி சங்கரன் 1971இல் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் மிருதங்கமும், தாளச் சொல்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோலும் கற்பித்தார். ஆம்ஸ்டர்டாம் இசைக் கல்லூரியில் கர்நாடகத் தாள முறையை ஜாஸ் வாசிப்பவர்களுக்கும் புது இசை எழுதுபவர்களுக்கும் நடத்துகிறார்கள். காரைக்குடியில் பிறந்த மிருதங்க வித்வான் காரைக்குடி மணி (1945–2023) ஆஸ்திரேலிய ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்தபோது கொண்டுபோனது இந்தக் கணக்கைத்தான். தன் சொந்த ஊர்க்காரர் உலகத்துக்குக் கொடுத்ததைக் காரைக்குடிப் பையன் யூடியூபில் ஆங்கிலத்தில் கற்கிறான். கொஞ்சம் வேடிக்கைதான்.

எப்படி உதவும் என்று ஒரு கணக்கில் பார்ப்போம். ஆதி தாளம், சதுசிர நடை: எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலு மாத்திரை, ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 32. டிரம்ஸ்காரர் மொழியில் இது நாலுக்கு நாலில் இரண்டு பார். ‘ததிகிணதொம்’ ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டுச் சொன்னால் 5+2+5+2+5, மொத்தம் 19. சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், வந்து விழ 32இலிருந்து 19 போக 13 மாத்திரை விட்டு எடுக்க வேண்டும். அதாவது மூன்று அட்சரம் முடிந்து ஒரு மாத்திரை தள்ளி எடுப்பு, தொடங்கும் இடம். இதை வாயில் சொல்லிக் கையில் தாளம் போட்டுவிட்டு ஸ்னேரில் வாசிக்கச் சொல்லுங்கள். எந்த மேடையிலும் அந்த ‘ஃபில்’ தனியாகத் தெரியும்.

பாடகருக்கும் இது வேண்டும். எந்த வாத்தியம் எடுத்தாலும் முதல் வருசம் முழுக்கக் கொன்னக்கோல் கட்டாயம் என்று வைக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. வாயும் கையும் இருந்தால் போதும்.

சினிமா, பேண்டுன்னு போனா வாத்தியார் கோவிச்சுக்கிறாரு. படிக்கிற காலத்துல அதெல்லாம் செய்யலாமா?

செய்யலாம், வாத்தியாரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். குன்றக்குடியில் 1935இல் பிறந்த குன்னக்குடி வைத்தியநாதன் மேடையில் ராகம் வாசித்தார், தவிலோடு ஜோடி சேர்ந்தார், படங்களுக்கு இசை அமைத்தார், வயலினில் சினிமாப் பாட்டும் வாசித்தார். முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள், அரங்கமும் நிறைந்தது. திருவையாறு ஆராதனையை நடத்தும் சபாவில் பொறுப்பிலும் இருந்தார்.

வாத்தியார் பயப்படுவது தொண்டையையும் கையையும் நினைத்து. அதில் நியாயம் உண்டு. இரவு பதினொன்று வரை ஒலிபெருக்கிக்கு எதிரில் கத்திவிட்டுக் காலையில் கீழ்ஸ்தாயி சாதகம் செய்ய முடியாது. குரல் பேணுவதும் செவி காப்பதும் பாடத்திட்டத்தில் ஒரு தாளாக இருந்தால் இந்தச் சண்டை பாதி தீரும்.

நாங்க நாகசுரக் குடும்பம். தலைமுறையா கோயில் வாசிப்பு. பிள்ளைக்கு டிகிரியால என்ன லாபம்?

உங்கள் பிள்ளைக்கு மல்லாரி, ரத்தி மேளம், புறப்பாட்டில் எந்த இடத்தில் என்ன வாசிப்பது என்பதெல்லாம் காதுவழியே வந்திருக்கும். கல்லூரியில் மூன்று வருசம் படித்தவருக்கும் அது இராது. ஆனால் அதே பிள்ளை ‘மேளகர்த்தா 72இன் அமைப்பை விளக்குக’ என்ற கேள்வியில் மதிப்பெண் இழக்கிறது. இது பிள்ளையின் குறை ஆகாது. நுழையும்போதே வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தெரிந்த பாடங்களுக்கு விலக்குக் கொடுத்து, அந்த நேரத்தில் எழுத்தும் ஒலிப்பதிவும் சொல்லிக்கொடுப்பதுதான் அறிவுள்ள காரியம்.

நாகசுரக்காரருக்கு ஒலிப்பதிவு தெரிவதில் நேரடி லாபமும் உண்டு. திறந்தவெளிக்கென்று அமைந்த வாத்தியம். அனசுக்கு, அதாவது வாத்தியத்தின் விரிந்த அடிவாய்க்கு, எதிரில் மைக்கை நெருக்கி வைத்தால் கரகரக்கும். தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைக்க வேண்டும். கல்யாண மண்டபத்து மைக்செட்காரரிடம் இதை எடுத்துச்சொல்லத் தெரிந்தால் வாசிப்பு வாசிப்பாகக் கேட்கும்.

உங்களுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022இல் ‘பேராசிரியர் ஆஃப் பிராக்டிஸ்’ என்று ஒரு முறை கொண்டுவந்தது. துறையில் குறைந்தது 15 வருச அனுபவம் உள்ள வல்லுநரை, பட்டம் இல்லாவிட்டாலும், கல்லூரி குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை. விதி இருக்கிறது. அதைக் கலைஞர்களுக்குப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு.

தேவாரப் பண், ஆயா பாடுற தாலாட்டு, இதையெல்லாம் காலேஜ்ல பாடமா வைக்க முடியுமா?

வைத்த வரலாறே நம்முடையது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம், அங்கே ஆண்டுதோறும் பண் ஆராய்ச்சி. தக்கேசி என்ற பண்ணை இன்று காம்போதி ராகத்திலும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும், மேகராகக் குறிஞ்சியை நீலாம்பரியிலும் ஓதுவார்கள் பாடுகிறார்கள். புது மெட்டுப் போடும் பிள்ளைக்கு இது தங்கச் சுரங்கம். பண்ணைத் தேர்வில் அட்டவணையாக ஒப்பிக்கச் சொல்வதோடு நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். ஓதுவாரை வகுப்புக்கு அழைத்துப் பத்துப் பதிகம் பாடவைத்து, பிறகு அட்டவணைக்குப் போகலாம்.

தாலாட்டும் ஒப்பாரியும் களப்பணிக்கு ஏற்றவை. ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டு ஆயாவிடமோ, அதாவது பாட்டியிடமோ, பக்கத்து வீட்டு ஆச்சியிடமோ ஒரு பாட்டைப் பதிவுசெய்து, எழுதி, சுரப்படுத்தி வரட்டும். பாடியவரிடம் எதற்கு என்று சொல்லி ஒப்புதல் வாங்கவேண்டும், பெயரைப் போடவேண்டும். ஆச்சி பாட்டை எடுத்து ‘டிரெடிஷனல்’ என்று போட்டுத் தன் பெயரை இசையமைப்பாளராக எழுதிக்கொள்ளும் பழக்கம் பாடத்திலேயே முறியட்டும்.

எங்க வீட்டு வளவு பெருசா கிடக்கு. அதையே ஸ்டூடியோ ஆக்கலாமா?

எனக்குப் பிடித்த கேள்வி. முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை ஒவ்வோர் இடத்திலும் ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். முட்டைவெள்ளை கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல், கருங்கல் தூண், எல்லாம் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புபவை. பட்டாலை என்ற கூடத்தில் தட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் ஓடி நிற்கும். வளவில் நடுவே வானம் திறந்திருப்பதால் கொஞ்சம் மேலே போய்விடும், மிச்சம் நாலு புறத் தாழ்வாரத்தில் சுற்றும். பொருட்கள் அடைத்த அறையில் தட்டினால் மொட்டையாக நிற்கும்.

பேச்சும் நெருக்கமான குரலும் பதிய அந்த அடைத்த அறைதான் சரி. மெத்தை, ஜமுக்காளம், பழைய புடவை மூட்டை எதுவும் உதவும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீணையையும் சேர்ந்து பாடும் குரல்களையும் பட்டாலையில் பதிந்தால் வரும் கார்வையை எந்த மென்பொருளும் தராது. அதற்குக் காக்கையும் பக்கத்து மிக்சியும் ஓய்ந்த நேரமாகப் பார்க்க வேண்டும்.

இந்த ஊரில் இதெல்லாம் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: ஏ.வி.எம். நிறுவனம் சென்னை வடபழனிக்குப் போவதற்கு முன்னால் தேவகோட்டை ரஸ்தாவில்தான் படப்பிடிப்பு நிலையம் வைத்திருந்தது. காரைக்குடியில் கிராமபோன் தட்டு விற்ற குடும்பம் அது.

காப்பிரைட்டு, ராயல்டி எல்லாம் வக்கீல் சமாசாரம். பாட்டுக்காரப் பிள்ளைக்கு எதுக்கு?

‘இது எங்கள் உரிமை’ என்று யூடியூபில் முதல் ‘க்ளெய்ம்’ வரும் அன்றைக்குத் தெரியும். இந்தியச் சட்டப்படி ஒரு பாடலின் உரிமை அதை ஆக்கியவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 வருசத்துக்கும். தியாகராஜர் 1847இல் மறைந்தார், அவர் கீர்த்தனையை யாரும் பாடலாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973. அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. தியாகராஜர் கீர்த்தனையை ஒரு நிறுவனம் பதிவுசெய்து வெளியிட்டிருந்தால் அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. கீர்த்தனை பொது, பதிவு பொதுவல்ல. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் 50 வருச நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று தனியாக இருக்கிறது. பலர் அது இருப்பதே தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

2012 திருத்தம் முக்கியமானது. படத்துக்காக எழுதிக்கொடுத்த கவிஞரும் இசையமைத்தவரும், அந்தப் பாட்டு படத்துக்கு வெளியே பயன்படும்போது வரும் ராயல்டியில் தங்கள் பங்கை, வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுத்துவிட முடியாது. எழுதி வாங்கினாலும் செல்லாது. கடைசி வருசத்தில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வகுப்பில் வைத்து வரிவரியாகப் படித்தால் போதும்.

நம் பக்கத்திலிருந்து ஒரு செய்தியும் சொல்லலாம். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஒரு காலத்தில் ஏ.வி.எம். நிறுவனர் ஏ.வி.மெய்யப்பனிடம் இருந்தது. அரசு அவற்றைப் பொதுவாக்க முன்வந்தபோது அவர் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். உரிமை என்று ஒன்று இருப்பது தெரிந்தவரால்தான் அதை விட்டுக்கொடுக்கவும் முடியும்.

இப்பதான் ஏஐ பாட்டே போட்டுடுதே. இனிமே நாலு வருசம் எதுக்குப் படிக்கணும்?

விளம்பரத்துக்குப் பின்னால் ஓடும் இசை, கடையில் ஓடும் இசை, இவற்றில் மனிதருக்கு வேலை குறையும். மறைத்துப் பயனில்லை. புறப்பாட்டில் சாமி திரும்பும் இடம் பார்த்து ராகத்தை நீட்டுவதும், கல்யாணத்தில் தாலி ஏறும் நொடியில் கெட்டி மேளத்துக்குத் தாவுவதும், பிள்ளையின் அபசுரத்தைக் கேட்டு எங்கே இடறுகிறது என்று கண்டுபிடிப்பதும் எதிரில் ஆள் இருந்து செய்யும் வேலைகள். அவற்றைக் கூர்மையாக்கும் படிப்புக்கு மதிப்புக் கூடத்தான் செய்யும்.

வகுப்பில் ஏஐயைத் தடைசெய்வது வீண். கரகரப்பிரியா ராகத்தில் ஒரு மெட்டுப் போடச் சொல்லி அதைக் கேளுங்கள், வருவதில் கரகரப்பிரியா எவ்வளவு, வெறும் சுர வரிசை எவ்வளவு என்று பிள்ளைகளைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கீபோர்டு கேள்வியில் சொன்ன சுருதிக்கோடு இங்கேயும் கைகொடுக்கும்.

நான் காலேஜ்ல வேலை பாக்குறேன் சார். சிலபஸை மாத்தப் போர்டுல ஒத்துக்க மாட்டாங்க. என்ன செய்யிறது?

சிலபஸைத் தொடாமலே நிறைய செய்யலாம். பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கிறது. அதை இன்னொரு குட்டிப் பரீட்சைக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, பருவத்துக்கு ஒரு பதிவு, ஒரு களப்பணி, ஒரு கூட்டு வாசிப்பு என்று மாற்றுங்கள். ‘வர்ணம், இரண்டு காலம்’ என்று சிலபஸ் சொல்கிறது, சரி. அதே வர்ணத்தைப் பதிந்து வா, கிடார்காரருக்குப் புரியும்படி எழுதி வா, எட்டு வயசுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து அந்தப் பிள்ளை பாடுவதைப் பதிந்து வா. பாடம் ஒன்று, வேலை மூன்று.

எதிர்ப்பு பெரும்பாலும் ‘எனக்கே மென்பொருள் தெரியாதே’ என்ற கூச்சத்திலிருந்து வருகிறது. மூத்த ஆசிரியரிடம் மென்பொருள் கற்கச் சொல்லாதீர்கள். மாணவர் பதிந்து வரட்டும், அவர் கேட்டுக் குற்றம் சொல்லட்டும். அவருடைய காதுதான் அந்த அறையில் விலை உயர்ந்த கருவி.

சரி, படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா?

மாதச் சம்பளம் என்ற அர்த்தத்தில் கேட்டால், சிலருக்குத்தான். பள்ளி இசை ஆசிரியர், அரசு இசைப்பள்ளி, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வெழுதிக் கல்லூரி, வானொலி, கோயில் பணி. இடங்கள் குறைவு, காத்திருப்பு அதிகம். மற்றவர்களுக்கு முதல் பதிலில் சொன்ன மாதிரி நாலு வேலை சேர்ந்த வருமானம். மார்கழி, தை, பங்குனி நிரம்பும், ஆடி காயும். அதற்குத் தக்கபடி கையிருப்பு வைக்கத் தெரியவேண்டும். ‘வட்டிக்கு வட்டி கணக்குப் பார்க்கிற ஊர்ல பாட்டுக்காரனுக்குக் கணக்கு வராதா?’ என்று ஓர் அப்பச்சி கேட்டார். வரும், யாராவது சொல்லிக்கொடுத்தால்.

நான் சேந்து ஒரு வருசம் ஆச்சு. எங்க காலேஜ்ல நீங்க சொல்றது ஒண்ணுமே இல்ல. நானா என்ன செய்ய?

கல்லூரியை விட்டு வந்துவிடாதே தம்பி. ஆசிரியர் கிடைத்திருக்கிறார், அதைப் பிடித்துக்கொள். மிச்சத்தை நாலு பேராகச் சேர்ந்து செய்யலாம். திங்கள்கிழமை மாலை கொன்னக்கோல், மேலே போட்ட 13 மாத்திரைக் கணக்கிலிருந்து தொடங்கு. அது பழகியதும் இடைவெளியை இரண்டுக்குப் பதில் மூன்றாக்கி எடுப்பை நீயே கண்டுபிடி. வியாழக்கிழமை ஒருவர் பாட மற்றவர் பதிவது. மாதம் ஒரு பாட்டு முழுசாக முடித்து வெளியிடுவது, பெயர்ப்பட்டியலை ஒழுங்காகப் போட்டு. ரீப்பர் போன்ற மலிவான ஒலிப்பதிவு மென்பொருளும், ஒரு சாதாரண மைக்கும், ஒரு ஹெட்போனும் நாலு பேர் பங்கு போட்டால் தாங்கும் செலவுதான்.

விடுமுறைக்கு ஊர் வரும்போது ஆயாவிடம் உட்கார்ந்து அந்தத் தாலாட்டைப் பதிந்துவிடு. கல்லூரி கேட்காவிட்டாலும் பரவாயில்லை. ஆயா மத்தியானம் தூங்கிவிடுவார்கள், காலை பத்து மணிக்குள் கேள்.